மூணு தடவை சொன்னேன்

இந்த இடத்துல யாரும் இருக்காவளா அண்ணாச்சி? இல்லைன்னா நான் உக்காந்துக்கிடுதேன். அந்தக் கடைசி பெஞ்சுல உக்காந்தா வார்டு வாசல் தெரியமாட்டேங்கு. எனக்கு வாசல் தெரியணும்.

ஏட்டையா ஒருத்தர் வரணும். அஞ்சு மணிக்கு வந்து வாக்குமூலம் எழுதுவேன்னு சொல்லியிருக்காரு. இப்ப நாலே கால். பாக்குத நேரம் நாலுக்கே ஆரம்பிச்சாச்சு, எல்லாரும் உள்ள போயிட்டாவ. நீங்க யாரப் பாக்க வந்திருக்கிய? தம்பியா. உப்பளத்துல வழுக்கி விழுந்துட்டாரா. காலுதான? கால் கூடிரும் அண்ணாச்சி. நான் பாக்க வந்தவுகளுக்குக் கை. வலது கை. மணிக்கட்டுல இருந்து விரல் வரைக்கும் எலும்பு நொறுங்கிக் கெடக்கு. ரெண்டு தடவ ஆபரேசனுக்குக் கொண்டு போயிட்டு வந்துட்டாவ. விரல மடக்க வருமான்னு இப்ப சொல்ல முடியாதாம். தேய்ப்பு வண்டி வச்சிருக்கவுகளுக்கு விரல் மடங்கலைன்னா என்ன செய்ய?

மூணு நாளா வாரேன். இந்த வாசல் வரைக்கும் வாரேன். அவுக மக அனுசியா வெளிய வரையில பழத்த அவ கையில குடுத்துட்டு, வேலை கெடக்கு தாயின்னு சொல்லிட்டுப் போயிருதேன். வேலை ஒண்ணும் கெடக்கல. இந்தச் சம்பவத்துக்குப் பெறவு ஒரு வீட்டுல இருந்தும் போன் வரல.

ஏசி மெக்கானிக் நான். பேரு பலவேசம். பதினேழு வருசமா இந்தத் தொழில்தான். எவனும் என்னைக் குத்தம் சொன்னது கெடையாது. ஃபில்டர எடுத்துச் சும்மா தட்டிட்டு சர்வீஸ் முடிஞ்சிட்டுன்னு சொல்லுத ஆள் இல்ல நான். பம்பு போட்டு உள்ள இருக்க காயில் வரைக்கும் கழுவி, அழுக்குத் தண்ணிய வீட்டுக்காரருக்குக் காட்டிட்டுத்தான் கீழ ஊத்துவேன். இப்ப அந்தத் தெருவுல என்னையப் பத்தி என்ன பேசுதாவ தெரியுமா? பலவேசம் கம்பியக் கட்டிவிட்டுட்டுப் போயிட்டான், பொம்பள மேல ஏசி அவுட்டோர் பெட்டி விழுந்துட்டுன்னு பேசுதாவ.

நான் சொன்னேன் அண்ணாச்சி. ஒரு தடவ இல்ல, மூணு தடவ சொன்னேன்.

ஆசீர் சாரைத் தெரியுமா உங்களுக்கு? கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. கடக்கரைக்குப் பின்னால ரெண்டாவது தெருவுல மாடி வீடு. கீழ வீடு பூட்டிக் கெடக்கு, சாரும் அவுக வீட்டம்மாவும் மாடியில. வீட்டம்மாவும் டீச்சர்தான், எஸ்தர் டீச்சர். ரெண்டு வருசமா படுக்கை. ஒரு பக்கம் கை கால் வராது, பேச்சும் கொழறும். வேர்த்துச்சுன்னா முதுகெல்லாம் புண்ணாயிரும். அதனால அந்த ரூம்புல ஏசி ராத்திரி பகல்னு இல்லாம ஓடும். சாரு தங்கமான மனுசன், இல்லைன்னு சொல்லல. அந்தத் தெருவுல எனக்குப் பதினோரு வீடு. பதினோரு வீட்டுக்கும் சாரு சொல்லித்தான் நான் உள்ள போனேன்.

அந்த ரூம்புக்கு அவுட்டோர் யூனிட்டு வெளிச் சுவத்துல, ஜன்னலுக்குப் பக்கத்துல இருக்கு. இரும்பு ஆங்கிள்ல ஸ்டாண்டு அடிச்சு, நாலு போல்ட்டு போட்டு, அதுக்கு மேல தூக்கி வச்சிருக்கு. ஸ்டாண்டு நான் அடிச்சது இல்ல. எனக்கு முந்தி யாரோ அடிச்சிருக்கான். உப்புக் காத்து இரும்ப என்ன செய்யும்னு உப்பளத்து வீட்டு ஆளுக்கு நான் சொல்லணுமா? கடலுக்கும் அந்தச் சுவத்துக்கும் நடுவுல ஒரே ஒரு தெருதான்.

கீழ சந்து. சந்துலதான், இப்ப வார்டுல கெடக்காவல்ல, அந்தச் சொர்ணக்கிளியக்காவோட தேய்ப்பு வண்டி.

அக்கா முன்னால அங்கன நிக்கல. தெரு முக்குல, டீக்கடைக்கு எதுத்தாப்புல நின்னாவ. போன வருசம் ஏசித் தண்ணி சுவத்துல வடிஞ்சு பாசி புடிக்குன்னு சார் சொன்னாரு. நான் டிரெயின் பைப்பைச் சந்துப் பக்கமாத் திருப்பிக்கிட்டு இருந்தேன். அக்கா பாத்துட்டு வந்து, தம்பி அந்தத் தண்ணி நல்ல தண்ணியான்னு கேட்டாவ. இங்க போர்த் தண்ணிய எடுத்துத் துணியில தெளிச்சுத் தேய்ச்சா வெள்ள வெள்ளயாப் பொரிஞ்சு நிக்குமாம், பட்டுச் சேலைக்காரவுக ஏசுதாவளாம். ஏசித் தண்ணியில உப்பே கெடையாதுக்கான்னு சொல்லி, பைப்பை இன்னும் நீட்டிக் கீழ வரைக்கும் கொண்டாந்து அவுக வாளிக்குள்ளயே விட்டுக் குடுத்தேன். என் கைக்காசுல வாங்குன பைப்பு. மறுநாளே வண்டியத் தள்ளிக்கிட்டு அங்கனயே வந்துட்டாவ. சுவத்தோட நிழலும் கெடைக்கும், தண்ணியும் கெடைக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு வாளி நெறையும். பலவேசம் தம்பி புண்ணியத்துல எனக்குத் தண்ணிக் கவலை இல்லைன்னு தெரு முழுக்கச் சொல்லுவாவ. அந்த அக்காவுக்கு நல்லது செஞ்சவன் நான். அத இன்னைக்கி ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான்.

பங்குனியில கோடைக்கு முந்துன சர்வீஸுக்குப் போனேன். டீச்சரப் பக்கத்து ரூம்புக்குக் கட்டிலோட தள்ளிட்டு, உள்ள எல்லாம் கழுவி முடிச்சிட்டு, ஜன்னல் கம்பி வழியாக் கைய விட்டு அவுட்டோரக் கழுவ ஆரம்பிச்சேன். தண்ணி பட்டதும் ஸ்டாண்டுல இருந்து துண்டு துண்டாத் துரு உதிருது. ஸ்குரு டிரைவர போல்ட்டுல வச்சு லேசாத்தான் தட்டுனேன். தலை தனியா வந்துட்டு. அப்பளம் மாதிரி. மேல ரெண்டு போல்ட்டுல ஒண்ணு அப்பவே இல்ல.

சாரக் கூப்புட்டுக் காட்டுனேன். இது முதல் தடவ. சார், ஸ்டாண்ட மாத்தணும், இது ரொம்ப நாள் நிக்காதுன்னு சொன்னேன். எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டாரு. ஏசிக்குள்ள இருக்க கேஸ எறக்கி, யூனிட்ட எறக்கி, புதுசு அடிச்சு, திரும்ப ஏத்தி ஓட விடணும்னா ஒரு பகல் ஆகும்னேன். அவரு டீச்சரத் திரும்பிப் பாத்தாரு. வெயில் காலம் முடியட்டும் பலவேசம், ஒரு நாள் முழுக்க இவள என்ன செய்யன்னாரு. சரின்னுட்டேன். அவரு வீடு. அவரு சொன்னா நான் என்ன செய்ய?

சித்திரையில திரும்பக் கூப்புட்டாரு. கூலிங் பத்தலைன்னு. போய்ப் பாத்தா காயில்ல உப்பு படிஞ்சிருக்கு, அதக் கழுவுனதும் சரியாப் போச்சு. ஆனா ஸ்டாண்டு ஒரு பக்கமாச் சாய்ஞ்சிருந்துச்சு. ஒரு விரக்கடை இருக்கும். மோட்டார் ஓடும்போது மொத்தமும் ஆடுது. ரெண்டாவது தடவையாச் சொன்னேன். சார், இது ஆபத்துன்னு அந்த வார்த்தையவே சொன்னேன். ஆடி பொறக்கட்டும், மகன் லீவுல வருவான், இவளக் கொஞ்ச நாள் அவன் கூட்டிட்டுப் போவான், அப்ப மாத்திருவோம், அதுவரைக்கும் என்னமும் செய்ய முடியுமான்னு கேட்டாரு.

செஞ்சேன். கெட்டிக் கம்பி, ரெட்டையா முறுக்கி, அவுட்டோரோட கால்ல சுத்தி ஜன்னல் கிராதியில இறுக்கிக் கட்டுனேன். கொறட்டப் போட்டு முறுக்குனதுல உள்ளங்கை செவந்து போச்சு. சார் பின்னால நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. தாங்குமா பலவேசம்னாரு. ஆடி வரைக்கும் தாங்கும் சார்னேன். வேற என்ன சொல்ல? தாங்காதுன்னு சொல்லிக்கிட்டே கட்டுவாவளா?

அன்னைக்கிக் கீழ எறங்குனதும் அக்கா டீ வாங்கிக் குடுத்தாவ. என் சட்டையில துரு கறை. கழத்துங்க தம்பி, தேய்ச்சுத் தாரேன், வீட்டுக்குப் போகும்போதாவது நல்லாப் போங்கன்னாவ. பனியனோட நின்னு டீ குடிச்சேன். ரொம்ப நேரமா ஜன்னல்ல நின்னு என்ன செஞ்சியன்னு கேட்டாவ. சும்மா சர்வீஸ்தான்க்கான்னேன்.

என்ன அண்ணாச்சி அப்படிப் பாக்கிய? அவுகட்ட எதுக்குச் சொல்லணும்? ஒரு வீட்டுல என்ன ரிப்பேர், என்ன கோளாறுன்னு தெருவுல போய்ச் சொல்ல முடியுமா? ஒரு டாக்டர் சொல்லுவாரா? கஸ்டமர் விசயம் கஸ்டமர்ட்டதான் பேசணும். அது தொழில் மரியாதை.

மூணாவது தடவ போன்ல. வைகாசி பொறந்ததும் காத்து கெளம்பிட்டுல்ல, மண்ண வாரி அடிக்கும்லா அந்தக் காத்து. நானாத்தான் போன் போட்டேன். சார், காத்து பலமா இருக்கு, ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். ஞாபகம் இருக்கு பலவேசம், இன்னும் ரெண்டு மாசந்தான்னாரு. மூணு தடவ ஆச்சா? இதுக்கு மேல ஒரு மெக்கானிக் என்ன செய்ய முடியும்?

மணி என்ன ஆச்சு? நாலு நாப்பதா. அந்த வாசல்ல யாரு வாரா? இல்ல, அது ஆஸ்பத்திரி வாட்ச்மேன்.

போன வாரம் வியாழக்கெழமை. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். நான் வேற ஒரு வீட்டுல இன்டோரக் கழத்திப் போட்டு உக்காந்திருக்கேன். சார் போன் போட்டாரு. பலவேசம், ஏசி கடகடன்னு சத்தம் போடுது, சுவரே அதிருதுன்னாரு. வாரேன் சார்னு சொல்லிக் கழத்துனத அப்படியே போட்டுட்டுக் கெளம்பிட்டேன். ஆஃப் பண்ணச் சொன்னேனான்னு ஏட்டையா கேட்டாரு. சொல்லியிருப்பேன். கெளம்புத அவசரத்துல எது சொன்னோம், எது சொல்லலைன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்?

அங்க போய்ச் சேர மூணு மணிக்குக் கிட்ட ஆயிட்டு. சந்துல நொழையாம முன்வாசல் வழியா நேரா மாடிக்கு ஏறுனேன். ரூம்புல ஏசி ஓடிக்கிட்டு இருக்கு, டீச்சர் கண்ண மூடிப் படுத்திருக்காவ. ஜன்னலத் தொறந்து எட்டிப் பாத்தேன் அண்ணாச்சி.

மேல் போல்ட்டு ரெண்டும் இல்ல. கீழ ஒண்ணு சுவத்த விட்டு வெளிய வந்து தொங்குது. ஸ்டாண்டு அப்படியே முன்னால கவுந்து கெடக்கு. நாப்பது கிலோ யூனிட்டு, ஒத்த போல்ட்டுலயும் நான் கட்டுன கம்பியிலயும் காப்பர் பைப்புலயும் நிக்கு. உள்ள மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு. காத்து வேற அடிச்சுத் தள்ளுது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிராதியில கம்பி கிரீச்சு கிரீச்சுன்னு தேயுது.

கீழ பாத்தேன். நேர் கீழ அக்காவோட தலை. வகிடு தெரியுது. பட்டுச் சேலை ஒண்ண விரிச்சுப் போட்டு, குனிஞ்சு தேய்ச்சுக்கிட்டு இருக்காவ.

சார், ஸ்டெபிலைசர ஆஃப் பண்ணுங்கன்னு சொல்லிட்டு, கிராதிக்குள்ள ரெண்டு கையையும் விட்டுக் கம்பியப் புடிச்சேன். சார் ஆஃப் பண்ணுனாரு. ஆட்டம் நின்னுச்சு, ஆனா பாரம் கையில ஏறிட்டு. போல்ட்டு அரிசி அரிசியா வெளிய வாரது எனக்குத் தெரியுது. நெஞ்சக் கிராதியோட வச்சு அழுத்திக்கிட்டு, சார், கீழ போய் அவுகள நகரச் சொல்லுங்கன்னேன்.

சாருக்கு எழுவத்திரண்டு வயசு. முட்டு வலி. வேகமாப் போங்க சார்னேன். போனாரு. ஏசி நின்ன ஒடனே டீச்சர் முழிச்சிட்டாவ. அவுக கொழறிக் கூப்புடுத சத்தம் கேட்டுது. அவரு போனவரு திரும்பி வந்து, இந்தா வந்திருதேன் எஸ்தர், இந்தா வந்திருதேன்னு சொல்லி, மேசையில இருந்த விசிறிய எடுத்து அவுக நல்ல கைக்குள்ள வச்சுட்டுப் போனாரு. அதுக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? அரை நிமிசம். எனக்கு அரை நாள் மாதிரி இருந்துச்சு. கம்பி உள்ளங்கைக்குள்ள எறங்கிட்டு. இந்தாப் பாருங்க, காயம்.

கத்தலாம்லன்னுதான கேக்கிய? எல்லாரும் அதத்தான் கேக்காவ. அக்கா பதினஞ்சு அடிக்குக் கீழ நிக்காவ. கத்துனா கேக்கும். ஆனா கத்துனா என்ன ஆகும்? மேல அண்ணாந்து பாப்பாவ. பாத்தா ஓடுவாவளா? தெகைச்சு நின்னுருவாவ. முகத்துலயே விழுந்திருக்கும். அத யோசிச்சுத்தான் கத்தல. யோசிச்சேன்னுதான் நெனைக்கேன். வாய் உள்ள ஒட்டிப் போச்சு.

சார் சந்துக்கு வந்த சத்தம் கேட்டுது. அவரு சொன்னது ஒரு வார்த்த மாறாம எனக்கு ஞாபகம் இருக்கு.

"கொஞ்சம் வண்டியத் தள்ளிக்கிடும்மா."

அவ்வளவுதான். ஏன்னு சொல்லல. மேல என்ன நடக்குன்னு சொல்லல. அக்கா குனிஞ்ச தலை நிமிராம, "இந்தச் சேலை ஒண்ணு சார், முடிச்சிட்டுத் தள்ளுதேன், சாயங்காலம் கல்யாண வீட்டுக்காரவுக வந்திருவாவ"ன்னாவ. அவரு பேசாம நிக்காரு. அவருக்கும் வாய் வரல போல. மேல ஒருத்தன் புடிச்சிக்கிட்டு நிக்கேன், கீழ ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்காரு, நடுவுல அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் தெரியாது.

போல்ட்டு வந்துட்டு. கம்பி என் கையில இருந்து உருவிட்டு. அப்பத்தான் கத்துனேன். யக்கா ஓடுன்னு கத்துனேன். சாரும் அவுக தோளப் புடிச்சு இழுத்தாரு.

அக்கா நகந்துட்டாவ அண்ணாச்சி. சத்தியமாச் சொல்லுதேன், ஒரு எட்டு பின்னால போயிட்டாவ. தப்பிச்சிட்டாவ. ஆனா வண்டியில அந்தச் சேலை கெடக்குல்ல. அடுத்தவுக சேலை. அத எடுக்கக் கைய நீட்டிட்டாவ. அந்தக் கை மேல விழுந்துச்சு.

அத நான் ஏட்டையாட்டயும் சொன்னேன். சேலைக்குக் கைய நீட்டலைன்னா ஒண்ணும் ஆயிருக்காதுன்னு. அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு.

நான் படியில எப்படி எறங்குனேன்னு தெரியல. வண்டி ரெண்டாப் பொளந்து கெடக்கு, தேய்ப்புப் பெட்டி தெறிச்சுச் சந்தெல்லாம் கங்கு. சார் அந்த வாளித் தண்ணியத் தூக்கிக் கங்குல ஊத்திட்டு, தோள்ல கெடந்த துண்ட எடுத்து அக்கா கையச் சுத்திக்கிட்டு இருக்காரு. அவரு கையெல்லாம் ரத்தம். அக்கா அழல. கண்ணு மட்டும் எங்கயோ பாக்கு. ஆட்டோவக் கூப்புட்டு நானும் அக்காவும் ஏறுனோம். டீச்சர் தனியா இருக்காவ, நீங்க இருங்க சார்னு சொல்லி அவர விட்டுட்டு வந்தோம்.

ஆட்டோவுல அக்கா தலை என் தோள்ல. ரயில்வே கேட்டுல நின்னுச்சு. கேட்டு போட்டிருந்தான். அந்த நேரத்துலதான் கேட்டாவ.

"தம்பி, அது விழும்னு யாருக்காவது முன்னாலயே தெரியுமா?"

நான் அவுக கையப் பாத்தேன். துண்டெல்லாம் செவப்பு.

"தெரியாதுக்கா"ன்னேன்.

அதுக்குப் பெறவு அக்கா கண்ண மூடிக்கிட்டாவ. அதான, தெரிஞ்சா சொல்லாமயா இருந்திருப்பியன்னு அவுகளா சொல்லிக்கிட்டாவ. அந்த நேரத்துல வேற என்ன சொல்ல முடியும் அண்ணாச்சி? உயிருக்குப் போராடுத ஆள்ட்ட கணக்கு வழக்கு பேச முடியுமா? ஆறுதலுக்குச் சொன்னது. ஒரு வார்த்த.

அந்த ஒரு வார்த்ததான் இப்ப என்னைய இந்த பெஞ்சுல உக்கார வச்சிருக்கு.

மறுநாள் போலீசு வந்துச்சு. சாரப் போய்க் கேட்டிருக்காவ. சார் என்ன சொல்லியிருக்கணும்? எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டுப் போகலாம்ல. இல்லைன்னா பழைய ஸ்டாண்டு, கடக்கரைக் காத்துன்னு சொல்லலாம்ல. கணக்கு வாத்தியார்லா, பங்குனியில இருந்து தேதி வாரியாச் சொல்லியிருக்காரு. பலவேசம் மூணு தடவ எச்சரிக்கை செஞ்சான், நாந்தான் தள்ளிப் போட்டேன், தப்பு என் மேலதான், கம்பி கட்டச் சொன்னதும் நாந்தான், ஆடி வரைக்கும் தாங்கும்னு அவன் சொன்னத நம்பிட்டேன், எழுதிக்கிடுங்கன்னு சொல்லியிருக்காரு. நல்லவரு மாதிரிதான் இருக்கு, இல்லையா? ஆனா அதுக்குள்ள என்னையும் சேத்துக் கட்டிட்டாரு பாத்தியளா. ஆடி வரைக்கும் தாங்கும்னு நான் சொன்னத எதுக்கு அங்க சொல்லணும்? எத்தனை வருசப் பழக்கம். துரோகம் இல்லையா அது?

ஏட்டையா என்னையக் கூப்புட்டுக் கேட்டாரு. உனக்குத் தெரியுமான்னு. நான் ரெண்டுங்கெட்டானா நின்னேன். தெரியும், எச்சரிக்கை செஞ்சேன்னு சொன்னா நான் தப்பிச்சிரலாம். ஆனா அது அக்கா காதுக்குப் போயிரும். தெரியாதுன்னு சொன்னா சார் பொய் சொல்லுதாருன்னு ஆகும். யோசிச்சுச் சொல்லுதேன் ஏட்டையான்னுட்டு வந்துட்டேன்.

முந்தாநாள் அனுசியா சொன்னா. அம்மா போலீசுக்காரங்ககிட்ட உங்களப் பத்தி நல்லபடியாச் சொல்லப் போறாவ மாமா, அந்தத் தம்பிக்கு ஒண்ணுந் தெரியாது, தெரிஞ்சா எங்கிட்ட மொத ஆளா வந்து சொல்லியிருப்பான், சார்தான் பழிய அவன் தலையில போடுதாருன்னு எழுதிக் குடுக்கப் போறாவன்னா. பொம்பள மருந்து மயக்கத்துலயும் என் பேரக் காப்பாத்துதாவ.

இதுல நான் ஒண்ணுமே செய்ய வேண்டாம் அண்ணாச்சி. அதத்தான் மூணு நாளா யோசிக்கேன். சும்மா இருந்தாப் போதும். அக்கா சொல்லும்போது பக்கத்துல நின்னு தலையக் குனிஞ்சுக்கிட்டாப் போதும். ஏட்டையா எழுதிருவாரு. சாரு சொல்லுதது எடுபடாது, அவரு மேல மட்டும் கேஸ் நிக்கும். எழுத்தாகிட்டா பெறவு யாரு மாத்த? ஆனா அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா டீச்சருக்கு யாரு விசிறிய எடுத்துக் குடுப்பாவ? அதுவும் மனசுல வருது. வந்தாலும், அவரு மேல கோவமும் வருது. ரெண்டும் சேந்து வருது.

திரும்பவும் அதையே கேக்கிய பாத்தியளா. ஏன் அக்காட்ட மட்டும் சொல்லலைன்னு. சொன்னேன்ல, தொழில் மரியாதைன்னு.

சரி. நீங்க யாரோ, நான் யாரோ. நாளைக்கு உங்க தம்பியக் கூட்டிக்கிட்டுப் போயிருவிய. உங்ககிட்டச் சொன்னா என்ன?

சொன்னா அக்கா வண்டிய நகட்டிருப்பாவ. சும்மா நகட்ட மாட்டாவ, சத்தம் போட்டுக்கிட்டேதான் நகட்டுவாவ. ஏன் நகட்டுனன்னு டீக்கடையில கேப்பான். ஆசீர் சார் வீட்டு அவுட்டோர் விழப் போகுதாம், பலவேசம் சொன்னாருன்னு சொல்லுவாவ. சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிரும். சார் என்னைய வாசல்லயே நிக்க வச்சுப் பேசுவாரு. அவரு முகம் கோணிட்டா பதினோரு வீடும் போயிரும். அத நான் பங்குனியிலயே நெனைச்சேன் அண்ணாச்சி. பனியனோட நின்னு டீ குடிச்சப்பவும் நெனைச்சேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள அவுக சட்டைய மடிச்சுக் கையில குடுத்துட்டாவ. வாங்கிட்டு வந்துட்டேன்.

இத இதுக்கு முந்தி யார்ட்டயும் சொன்னதில்ல. எம் பொண்டாட்டிகிட்டக் கூடச் சொல்லல.

அந்தா வந்துட்டாரு ஏட்டையா. கையில ஃபைலு. என்னையப் பாக்கல. நேரா உள்ள போறாரு. அஞ்சு கூட ஆகலையே, இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கே.

இருங்க, அனுசியா வாரா.

என்ன தாயி? அம்மா தேடுதாவளா? நான் பக்கத்துல நின்னாத்தான் தைரியமாச் சொல்லுவேன்ங்காவளா? வாரேன்னு சொல்லு. இல்ல தாயி, நில்லு. ஏட்டையாட்டப் போய்ச் சொல்லு, இப்ப ஒண்ணும் எழுத வேண்டாம்னு சொல்லு. பலவேசம் மாமா வந்து அம்மாட்ட ஒரு வார்த்த பேசுன பெறவு எழுதட்டும். ஓடு.

பழப் பை உங்க பக்கத்துல இருக்கட்டும், உங்க தம்பிக்குக் குடுங்க. இன்னைக்கிப் பழத்தோட உள்ள போக முடியாது.

ஒரே ஒரு வரிதான் சொல்லணும். அக்கா, எனக்கு முன்னாலயே தெரியும். அவ்வளவுதான். ராத்திரியெல்லாம் சொல்லிப் பாத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த வரி முடிஞ்ச ஒடனே 'ஆனா'ன்னு ஒண்ணு வாயில வந்து நிக்கு அண்ணாச்சி. அத மட்டும் எப்படியாவது முழுங்கிரணும்.